குளிர்காலத்தில் குழுவாக ஒரு நீண்ட மலைநடை: திட்டம் போடுவதிலிருந்து திரும்பி வரும் வரை

குளிர்கால மலைநடை என்றதும் எல்லோரும் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் உடம்பைக் குளிர் அவ்வளவு சுலபமாகத் தொடுவதில்லை. முதுகில் பையோடு ஏற்றத்தில் ஏறுகிறவருக்கு உறைநிலைக்குக் கீழேயும் வியர்த்துக் கொட்டும். சிக்கல் நிற்கும்போதுதான் தொடங்குகிறது. தனியாகப் போகிறவர் தன் தேவைக்கு மட்டும் நிற்பார். எட்டுப் பேர் சேர்ந்து போனால், எட்டுப் பேரின் தேவைக்கும் எட்டுப் பேரும் நிற்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஷூ கயிறு அவிழ்கிறது, ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றுகிறார், ஒருவர் தண்ணீர் தேடுகிறார். ஆளுக்கு மூன்று முறை, தடவைக்கு 4 நிமிடம், அதுவும் தனித்தனியாக என்றால் 96 நிமிடம் போச்சு. அதே வேலைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று நிறுத்தங்களில், நிறுத்தத்துக்கு 8 நிமிடமாக முடித்தால் 24 நிமிடம்தான். மிச்சமாகும் ஒரு மணி 12 நிமிடம், குளிர்காலப் பகலில் வெளிச்சத்தில் இறங்குவதா இருட்டில் இறங்குவதா என்பதையே மாற்றிவிடும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இந்தக் கணக்கைச் சுற்றியே வரும்.

இந்த வழிகாட்டி, காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடக்கூடிய, பனி மூடிய, கயிறு கட்டி ஏறத் தேவையில்லாத மலைப்பாதைக்கானது. பனிப்பாறை, செங்குத்துச் சுவர் எல்லாம் வேறு பயிற்சி கேட்பவை.

முதலில் நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல தரையில், நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. கெட்டிப்பட்ட பனியில் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். யாரும் நடக்காத புதுப்பனி முழங்கால் வரை இருந்தால் இரு மடங்கு கூடப் போதாமல் போகலாம்.

போகவர 16 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறிப்போகும் 8 கிலோமீட்டருக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக 3 மணி 6 நிமிடம். பனிக்காகப் பாதி கூட்டினால் சுமார் 4 மணி 40 நிமிடம். நிறுத்தங்களுக்கு 35 நிமிடம் சேர்த்தால் ஐந்தேகால் மணி. இறங்கும் 8 கிலோமீட்டருக்கு இதே கணக்கில், நிறுத்தங்களையும் சேர்த்து, 3 மணி. காலை 7-க்குக் கிளம்பினால் உச்சிக்கு 12.15, அடிவாரத்துக்கு 3.15. டிசம்பர் கடைசியில் 45 பாகை வட அட்சரேகையில் பகல் 9 மணி நேரம்கூட இருக்காது. சூரியன் 4.15 வாக்கில் மறையும் என்றால் கையில் இருப்பது ஒரு மணி நேர உபரி மட்டுமே.

இதிலிருந்து திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். இந்தப் பாதைக்கு 12.45 என்று வைக்கலாம். அந்த நேரத்தில் எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்கு எதிரில் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டியதுதான். இதை மலையில் போய் முடிவு செய்யக் கூடாது. முதல் நாள், மேசையில் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். உச்சிக்கு இருபது நிமிடம் முன்னால் நிற்கும் எட்டுப் பேரிடம் ‘திரும்பலாமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று யாருக்கும் தெரியும்.

வரைபடத்தைப் பார்க்கும்போதே இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாதி வழியில் சுலபமாக இறங்கிவிடக்கூடிய கிளைப்பாதை. இன்னொன்று, காற்று படாமல் எல்லோரும் நிற்கக்கூடிய மரக்கூட்டமோ பாறை மறைவோ. நிறுத்தங்களை இப்படிப்பட்ட இடங்களில்தான் வைக்க வேண்டும்.

வானிலையும் பனிச்சரிவும்

வானிலை முன்னறிவிப்பை அடிவார ஊருக்குப் பார்த்தால் போதாது. உயரம் ஏற ஏற, 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே 2 டிகிரி என்றால் 1000 மீட்டர் மேலே சுமார் மைனஸ் 4 அல்லது 5. அதற்கு மேல் காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 20 மாதிரி. வெப்பநிலையைவிடக் காற்றின் வேகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மைனஸ் 12-இல் காற்றில்லாத நாள் அருமையான நாள். மைனஸ் 2-இல் முகடு முழுக்கப் புயல்காற்று என்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

பனிச்சரிவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நடைப்பயணக் குழுக்கள் ‘அது பனிச்சறுக்குக்காரர்கள் கவலை’ என்று கடந்துபோய்விடுகின்றன. பலகை பலகையாக உடைந்து சரியும் வகை பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள சரிவுகளில்தான் கிளம்புகிறது. நீங்கள் நடக்கும் பாதை சமமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தாலே போதும். கோடையில் சாதுவாக ஓடைப்பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும் அதே பாதை, குளிர்காலத்தில் மேலிருந்து வரும் பனி முழுவதும் கொட்டும் வாய்க்காலாக இருக்கலாம். வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வரும் இடங்களைப் பாருங்கள். சரிவின் சாய்வை நிறத்தில் காட்டும் வரைபடச் செயலிகளும் இருக்கின்றன.

பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடும் மலைப்பகுதிகளில் பெரும்பாலும் 1 முதல் 5 வரையிலான அளவுகோல்தான். இதில் 3 என்பது நடுவில் இருக்கும் சாதாரண எண் மாதிரித் தெரியும். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பது அந்த நிலையில்தான், ஏனென்றால் 4, 5 என்றால் ஆட்கள் தாமாகவே வெளியே போவதில்லை. புதுப்பனி நிறைய விழுந்த மறுநாள், பலத்த காற்று பனியைக் குவித்த நாள், திடீரென்று வெயிலடித்துச் சூடேறிய நாள் ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரியவை. காலடியில் பனி ‘தொம்’ என்று உள்ளிறங்கும் சத்தம் கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ, மேலே யோசிக்க ஒன்றுமில்லை, வந்த வழியே திரும்புங்கள். சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் குழுவோதான்.

அப்படிப்பட்ட சரிவைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ட்ரான்சீவர் (புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சிறு ரேடியோக் கருவி), துழாவும் கோல், மண்வெட்டி மூன்றும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்திப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். அனுபவம் கலந்த குழு என்றால் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

குழுவைச் சேர்ப்பது

நான்கு பேருக்குக் குறையாமல் போவது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், இரண்டு பேர் சேர்ந்து உதவி கேட்கப் போகலாம். எட்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி வரைபடம், தனித்தனி முதலுதவிப் பை கொடுத்துவிடுங்கள்.

வருகிறேன் என்பவர்களிடம் ‘ஃபிட்டா இருக்கீங்களா’ என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் நடந்தார்கள் என்று கேளுங்கள். குளிரில் விரல் வெளுத்துப்போகும் பழக்கம் உண்டா, ஆஸ்துமா உண்டா, சர்க்கரைக்கு ஊசி போடுகிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். இன்சுலின் உறைந்தால் வீண். உடம்போடு ஒட்டிய உள்பையில்தான் வர வேண்டும்.

பொறுப்பு மூன்று பேருக்கு. முன்னால் நடப்பவர் வேகத்தைப் பார்த்துக்கொள்வார், கடைசி ஆள் யாரையும் தனக்குப் பின்னால் விட மாட்டார், நடுவில் ஒருவர் வரைபடத்தையும் கடிகாரத்தையும் கவனிப்பார். கடைசி ஆளாக, களைத்துப்போனவரை விடாதீர்கள். அது குழுவிலேயே திடமானவரின் வேலை. அப்புறம் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம்: யாராவது ஒருவர் திரும்பலாம் என்றாலும் குழு திரும்பும், காரணம் சொல்லி வாதாடத் தேவையில்லை.

ஊரில் இருக்கும் ஒருவரிடம் பாதை, பெயர்ப் பட்டியல், வண்டி நிற்கும் இடம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக்குழுவை அழைக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

உடை, காலணி, பை

உடையைப் பற்றிச் சொல்ல முக்கியமாக ஒன்றுதான். பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு காயவே காயாது, நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, நடுவில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி, மேலே காற்றும் ஈரமும் நுழையாத ஜாக்கெட். இவை நடப்பதற்கு. நிற்பதற்குத் தனியாக, இறகோ செயற்கை இழையோ அடைத்த (பருத்திப் பஞ்சு அல்ல) ஒரு தடிமனான பஞ்சு ஜாக்கெட், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெரியதாக, பையின் வாயிலேயே இருக்க வேண்டும். அடியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடியாவது வேண்டும். காற்றில் ஒன்று பறந்தால் அந்த நாள் அதோடு முடிந்தது. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் குளிரும். விரல்களை அசைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டிப் பனியும் சாதாரண ஐஸும் உள்ள பாதைக்கு மைக்ரோஸ்பைக் (ஷூவின் மேல் மாட்டும் சின்ன முள் சங்கிலி) போதும், ஆழப்பனிக்கு ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலமான பலகை). வழுக்கினால் நிற்க முடியாத சரிவு என்றால் க்ராம்பானும் (ஷூவில் கட்டும் நீண்ட முட்கள் கொண்ட சட்டம்) பனிக்கோடரியும் வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் வேண்டும்.

ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப். ‘இரண்டு பேருக்கு ஒன்று போதும்’ என்பது இருட்டில் இறங்கிப் பார்க்காதவர்கள் சொல்வது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனையும் உபரி பேட்டரியையும் உள்சட்டைப் பையில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால், ஐஸ் முதலில் மேல்பரப்பில் கட்டுவதால், மூடி அடைபடாது. குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப் பைகள் முதலில் குழாயிலேயே உறைந்துவிடும். ஒரு ஃபிளாஸ்க்கில் சூடான, இனிப்பான பானம். பனியைத் தின்று தாகம் தீர்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர உடம்பு 117 கிலோகலோரி செலவழிக்க வேண்டும், அதுவும் வாயும் வயிறும் குளிர்ந்துபோய்.

சாப்பாட்டை எடுத்தவுடன் கடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. சில இனிப்புக் கட்டிகள் மைனஸ் 10-இல் பல்லை உடைக்கும். கொட்டைகள், உலர்பழங்கள் மாதிரி கையுறையோடு எடுத்து வாயில் போடக்கூடியவற்றைச் சட்டைப்பையில் வையுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக: முதலுதவிப் பை, மடக்கும் நுரைப்பாய், ஓர் ஆள் உள்ளே படுக்கக்கூடிய அவசர உறை, சின்ன அடுப்பும் பாத்திரமும், காகித வரைபடம், காந்த ஊசி, ஜிபிஎஸ், கிழிந்த பட்டையையும் உடைந்த ஸ்பைக்கையும் கட்டக் கம்பியும் டேப்பும். இவை ஒருவர் பையிலேயே இருக்கக் கூடாது. அவரே சறுக்கிப் பள்ளத்தில் விழலாம்.

வெயில் கண்ணாடியை மறக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கதிர்கள் கீழிருந்து வருவதால் மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

கிளம்பும் இடத்தில்

ஷூவில் ஸ்பைக் மாட்டுவது, கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றும் உறை) கட்டுவது எல்லாம் வண்டியின் மறைவில் முடியட்டும். ஒவ்வொருவரும் ஹெட்லாம்பை எரியவிட்டுக் காட்ட வேண்டும், பேச்சில் ‘இருக்கு’ என்றால் ஏற்காதீர்கள். திரும்பும் நேரத்தை இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள். தலையை எண்ணுங்கள்.

லேசாகக் குளிரும் நிலையில்தான் நடக்கத் தொடங்க வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தாவது நிமிடத்தில் வியர்வை. பதினைந்து நிமிடம் கழித்து எல்லோரும் சேர்ந்து ஒரு முறை நின்று ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். அந்த ஒரு நிறுத்தம் பிறகு வரும் பத்துத் தனி நிறுத்தங்களை மிச்சப்படுத்தும்.

நடையும் நிறுத்தமும்

மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் சரியான வேகம். வேகத்தைத் தீர்மானிப்பவர் குழுவிலேயே மெதுவானவர்தான். அவரை முன்னாலிருந்து இரண்டாவது இடத்தில் நடக்கவிடுங்கள். கடைசியில் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்திருப்பார்கள், உடனே கிளம்புவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஆழப்பனியில் முன்னால் தடம் போடுகிறவர் மற்றவர்களைவிடப் பல மடங்கு உழைக்கிறார். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஒதுங்கி நின்று, வரிசை கடந்ததும் பின்னால் சேர்ந்துகொள்ளட்டும், கடைசி ஆளுக்கு முன்னால். வியர்த்த பிறகு மாறுவதில் அர்த்தமில்லை, வியர்க்கும் முன்பே மாற வேண்டும்.

நிறுத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே முன்னாலிருப்பவர் ‘நிற்கப்போகிறோம்’ என்று சொல்கிறார், செய்தி பின்னால் போகிறது. நின்றதும் முதல் வேலை பஞ்சு ஜாக்கெட். குளிரவில்லையே என்று யாரும் தள்ளிப்போடக் கூடாது, உடம்பு சூடாக இருக்கும்போதே அதை மூடிவிட வேண்டும். ஜிப் மேலே ஏறிய பிறகுதான் பை, தண்ணீர், சாப்பாடு. கையுறையைக் கழற்றுகிறவர் அதைப் பனியில் வைக்காமல் மார்புக்குள் செருகுகிறார். பையின் மேல் உட்காருகிறார்கள், கல்லின் மேல் அல்ல. ஒதுங்கப் போக வேண்டியவர்கள் இப்போதே போகிறார்கள். குளிரில் சிறுநீர் அதிகமாகவே வரும், அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது கெட்ட பழக்கம். ஆறாவது நிமிடத்தில் ‘இரண்டு நிமிடம்’ என்று குரல். பைகள் முதுகுக்குப் போன பிறகு, கடைசி நொடியில் பஞ்சு ஜாக்கெட் கழன்று பையின் வாய்க்குள் போகிறது. தலை எண்ணிக்கை, நடை.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆள் வரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். மூடுபனியில் குழு பிரிவது பெரும்பாலும் இங்கேதான். பனியில் தெரியும் பழைய காலடித் தடத்தை நம்பிப் போகாதீர்கள். அதைப் போட்டவர் வழி தவறியவராக இருக்கலாம். தாழ்ந்த கிளைகளுள்ள ஊசியிலை மரங்களின் அடியில் பனிக்குக் கீழே குழி இருக்கும், ஒதுங்கியே நடங்கள். ஓடையை மூடிய பனி உள்ளே குடைந்து மெலிந்திருக்கலாம், ஒவ்வொருவராகக் கடங்கள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது

தன் மூக்கு வெளுத்ததை யாராலும் தானே பார்க்க முடியாது. அதனால் ஜோடி பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். கன்னத்தில், காது நுனியில், மூக்கில் மெழுகு மாதிரி வெளிறிய திட்டு தெரிந்தால் வெறுங்கையால் மூடிச் சூடு கொடுங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். விரல் கெட்டியாகி உணர்வில்லாமல் போயிருந்தால் அது உறைபனிக் காயம். மறுபடியும் உறைய வாய்ப்பிருக்கும்வரை அதை மலையில் உருக்க வேண்டாம். மூடிப் பாதுகாத்துக் கீழே இறக்குங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஹைப்போதெர்மியா. அது சத்தமில்லாமல் வரும். கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைக்கிறார், ஜிப்பை இழுக்கத் தடுமாறுகிறார், சமதளத்தில் கால் இடறுகிறது, கேட்டால் எரிந்து விழுகிறார். நாக்கு குழறுகிறது. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவர் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள், மூளையும்தான் குளிர்ந்திருக்கிறது. நடுக்கம் இருக்கும்வரை, தெளிவாகப் பேசும்வரை, காற்று மறைவில் ஈர உடையை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுத்துத் தேற்ற முடியும். நடுக்கம் நின்று, அவர் இன்னும் மந்தமானால் நிலைமை முற்றிவிட்டது. அசைக்காமல் படுக்க வைத்து, மூடி, உதவி கேட்க வேண்டும். மது எந்தக் கட்டத்திலும் கூடாது, அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்வெப்பத்தை இன்னும் இழக்கவைக்கும்.

இறக்கம்

திரும்பும் நேரம் வந்ததும் திரும்புங்கள். உச்சியில் படம் எடுக்கும் நேரமும் நிறுத்த நேரத்தில்தான் சேரும்.

இறங்கும்போது கால் களைத்திருக்கும், கவனம் வீட்டுக்குப் போயிருக்கும், பகல் வெயிலில் உருகிய பனி மாலையில் கண்ணாடியாக இறுகும். ஸ்பைக்கை ஏறும்போது போடாதவர்கள்கூட இப்போது போட வேண்டும். க்ராம்பான் காலில் இருக்க உட்கார்ந்து சறுக்கி இறங்க யாரையும் அனுமதிக்காதீர்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். ஹெட்லாம்பை வெளிச்சம் இருக்கும்போதே தலையில் மாட்டிவிடுங்கள், இருட்டிய பிறகு பைக்குள் துழாவ வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால்

கணுக்கால் பிசகுவது கோடையில் தொந்தரவு, குளிர்காலத்தில் நெருக்கடி. நடக்க முடியாதவர் வெப்பம் உண்டாக்க முடியாதவர். காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ரத்தம் பீறிட்டால் தவிர, அவருக்கு அடியில் நுரைப்பாயைப் போடுங்கள். கீழிருக்கும் பனிதான் மேலிருக்கும் காற்றைவிட வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். பிறகு பஞ்சு ஜாக்கெட், அவசர உறை, தொப்பி. மற்றவர்களும் தங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளட்டும், ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கட்டும்.

சிக்னல் பலவீனமாக இருந்தால் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடலாம். ஆயத்தொலைவு, எத்தனை பேர், என்ன காயம், அங்கே வானிலை என்ன என்று ஒரே செய்தியில் அனுப்புங்கள். விசிலிலோ விளக்கிலோ நிமிடத்துக்கு 6 முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6 என்பது மலைகளில் பரவலாக அறியப்பட்ட ஆபத்துச் சமிக்ஞை. பதில் நிமிடத்துக்கு 3 முறை வரும். ஆள் அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டு பேராக, விவரத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வண்டியை அடைந்ததும்

தலையை எண்ணுங்கள், ஊரில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள், அப்புறம் ஷூவைக் கழற்றலாம். எல்லா வண்டிகளும் ஸ்டார்ட் ஆகும்வரை முதல் வண்டி கிளம்ப வேண்டாம், குளிரில் நாள் முழுக்க நின்ற பேட்டரியை நம்ப முடியாது. வண்டி ஓட்டுகிறவர் சாப்பிட்டு, உலர்ந்த சாக்ஸ் மாற்றி, கால்மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும். வீட்டுக்குப் போனதும் ஸ்பைக்குகளைத் துடைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறைக்குள் துருப்பிடித்திருக்கும். வரைபடத்தின் பின்பக்கத்தில் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். அடுத்த தடவை நேரக் கணக்கு போடும்போது நெய்ஸ்மித்தின் எண்ணைவிட உங்கள் குழுவின் அந்த எண்தான் துல்லியமாக இருக்கும்.